ஒன்பதாம் பெட்டியின் பச்சைப் பொட்டலம்

தைப்பேயில் நெய்ஹு பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பற்றி வதந்தி ஒன்று உலவுகிறது. ஆறாம் மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கணினிச் சர்வருக்கு வைத்திருந்த தின்பண்டத்தைத் தின்றுவிட்டாளாம். தின்ற கையோடு சர்வர் படுத்துவிட்டதாம். அதனால் ஊருக்கு நடுவில் ஒரு பல் மருத்துவமனையில் பதினேழு பேர் திறந்த வாயை மூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

கட்டடத்துக்குக் கீழே டப்பாச் சாப்பாடு விற்பவரிடம் கேட்டால் பதினேழு பேர் நாற்பது பேராகிவிடுகிறார்கள். வாயிற்காவலர் சொல்லும்போது அவள் இரண்டு பொட்டலம் தின்றிருக்கிறாள். ஐந்தாம் மாடிக்காரர்களைக் கேட்டால், தின்றபின் மூன்று நாள் அவளுக்குக் குரலே வரவில்லை என்கிறார்கள். குரலெல்லாம் நன்றாகத்தான் வருகிறது. மற்றதை விசாரித்துப் பார்த்ததில், தின்றது உண்மை; படுத்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே செருகியிருக்கும் ‘அதனால்’தான் இடிக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் மாதத்திலிருந்து வர வேண்டும்.

அவள் பெயர் டூ சியூமான். வயது நாற்பத்து நான்கு. பதினோரு வருடம் அந்த நிறுவனத்தின் தொலைபேசி மேசையில் உட்கார்ந்து, கோபத்தில் கத்துகிறவர்களிடம் “ஒருவாட்டி அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டு வாழ்ந்தவள். சிறு கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சர்வர் வைத்து நடத்துவது நிறுவனத்தின் தொழில். செப்டம்பரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பேசும் கணினி நிரலை வாங்கிப் போட்டார்கள். அது சம்பளம் கேட்பதில்லை, பெருமூச்சும் விடுவதில்லை. மேசை மூடப்பட்டது.

பிரிவுத் தலைவர் ஷாவ் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கொஞ்சம் நல்ல மனிதர். ஆனால் அந்த நல்ல குணத்தை எதிலும் எழுத்தில் காட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பவர்.

“சியூமான், நான் சுத்தி வளைக்க மாட்டேன். சர்வர் அறையில ஒரு இடம் காலியா இருக்கு. நம்ம அடுக்குல பன்னெண்டு சர்வர் பெட்டி. அதுல ஒம்பதாம் நம்பர் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு, பல் ஆஸ்பத்திரியோடது. அதத் தொடாத. மிச்சம் பதினொண்ணும் வெறும் பெட்டி. டிசம்பர் பதினெட்டு, மத்தியானம் ரெண்டு மணி. என் கண்ணு முன்னாடி பதினொண்ணையும் கடைங்களுக்கு ஓடற பெட்டியா மாத்திக் காட்டு. ஒரே மத்தியானம். முடிச்சா நாற்காலி உனக்கு.”

“முடிக்கலன்னா, தலைவரே?”

“தாவ்யுவான் கிடங்கு. பார்சல் எண்ற வேலை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “காத்தோட்டமான இடம்தான்,” என்றும் சொன்னார்.

தாவ்யுவான் என்றால் இரண்டு பேருந்து, ஒரு ரயில். போக வர மூன்றரை மணி நேரம். பதினோரு வருடம் பேசியே பிழைத்தவள், பேசவே ஆளில்லாத கிடங்கில் அட்டைப் பெட்டி எண்ணுவதா? சியூமானுக்கு அன்று பிடித்த பதைப்பு கால் விரலில் தொடங்கியது; அன்று ஆடத் தொடங்கிய கால் நிற்கவேயில்லை.

சர்வர் அறையின் கைவேலைக்காரன் அஹோங். முப்பத்தெட்டு வயது. ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையாகத் தன் விரலால் தட்டி அமைப்பான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம். விஷயத்தைக் கேட்டதும் அவன் தேநீரில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த மரவள்ளி மாவு உருண்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“பதினொண்ணு பெட்டியா? ஒரே மத்தியானமா? எனக்கே நாலு நாள் ஆகும் அக்கா. ஒண்ணு பண்ணுங்க. போன்ல சொல்லுவீங்களே, ‘அணைச்சுட்டுப் போடுங்க’ன்னு, அத அப்படியே பெட்டிகிட்ட சொல்லிப் பாருங்க. உங்க குரலுக்குக் கேட்டாலும் கேக்கும்.”

“சிரிச்சுக்கோ. நீ நாலு நாள்ல செய்றத நான் நாலு நிமிஷத்துல செய்யப்போறேன்.”

இதைச் சொன்னபோது அவளுக்கு எதுவும் தெரியாது. கணினியில் ஒரே தாளில் எல்லாப் பெட்டிக்கும் வேண்டிய அமைப்பை எழுதி வைத்து ஒரே விசையில் ஓட விடுகிற முறை ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தாள், அவ்வளவுதான்.

பழைய இரும்புக்குப் போக இருந்த மூன்று பெட்டிகளைக் கெஞ்சி வாங்கி, துடைப்பமும் தண்ணீர் வாளியும் இருக்கும் சாமான் அறையில் அடுக்கிக்கொண்டாள். மின்சாரம், மாடியைச் சுத்தம் செய்யும் பெண்மணியின் தயவு. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. எழுதுவாள், ஓட விடுவாள், பெட்டி கெட்டுப்போகும். துடைத்தெறிந்துவிட்டு மறுபடி எழுதுவாள். ஒவ்வொரு முறை துடைத்தெறிந்ததும் கதவில் ஒரு கோடு. ஊர் வழக்கப்படி ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து. நவம்பர் முடிவில் கதவில் ஆறு எழுத்தும் ஒரு தனிக் கோடும் இருந்தன.

முதல் இரண்டு எழுத்து வரை அவள் செய்த தப்பு ஒரே தப்புதான். ‘இந்த வரியைச் சேர்’ என்று எழுதியிருந்தாள். ஓட விட்டாள்; சேர்ந்தது. சரியாகச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை ஓட விட்டாள். இன்னொரு முறை சேர்ந்தது. பதைப்பு பிடித்தவள் ஒன்பது முறை ஓட விட்டிருந்தாள். பெட்டிக்குள் ஒரே வரி ஒன்பது தடவை வரிசையாக நின்றது. பெட்டி குழம்பிப்போய் உயிரை விட்டது.

தொலைபேசி மேசையில் அப்படித்தான் பழக்கம்: செய் என்றால் செய்வார்கள், மறுபடி செய் என்றால் மறுபடி செய்வார்கள். இங்கே ‘செய்’ என்று சொல்லவே கூடாது என்று புரிய ஒரு மாதம் பிடித்தது. ‘இந்த வரி இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி தானே சேர்த்துக்கொள்ளும். இருந்தால் சும்மா இருக்கும். இரண்டாவது தடவை ஓட விட்டால் ‘மாற்றம்: பூஜ்யம்’ என்று பதில் வர வேண்டும். அந்தப் பூஜ்யத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் இன்னொரு முறை ஓட விட்டாள். பூஜ்யம். மறுபடியும். பூஜ்யம். நம்பிக்கை வரவில்லை. அதுதான் அவள் சுபாவமாகிப் போயிருந்தது. சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்கு வந்தால், தெருவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவள் பையோடு நின்று மனசுக்குள் நாற்பத்தோராம் வரியைத் திருத்திக்கொண்டிருப்பாள், வண்டி போய்விடும். ஒரே வாரத்தில் மூன்று நாள் குப்பை வீட்டுக்குள் திரும்பி வந்தது. கணவர் போலுன் மாநகரப் பேருந்து ஓட்டுநர், எதையும் வேகமாகச் சொல்லாதவர். அவரிடமும் அவள் அதே தோரணையில் பேசத் தொடங்கியிருந்தாள்.

“ஏங்க, சாப்பாட்டு மேசை துடைச்சு இருக்கணும்.”

“துடைச்சுத்தான் இருக்கு.”

“மேசை துடைச்சு இருக்கணும்.”

“ரெண்டாவது தடவ சொன்னா மாற்றம் பூஜ்யம்,” என்றார் போலுன், நூடுல்ஸிலிருந்து தலை நிமிராமல்.

பதினொன்றுக்கும் தாள் எழுதி முடித்த பிறகும் அவளுக்குக் கை நிற்கவில்லை. தொடாதே என்று சொல்லியிருந்த ஒன்பதாம் பெட்டியின் அமைப்பையும் வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து ஒரு தனித்தாளில் எழுதினாள். சாமான் அறைப் பெட்டி ஒன்றை அப்படியே பல் மருத்துவமனையாக மாற்றினாள். ஒருவரும் கேட்கவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அதனால் செய்தாள்.

இனி பொட்டலம்.

அந்த ஊரில் சர்வர் என்று ஒன்று இருந்தால் அதன் தலைமேல் ஒரு பொட்டலம் இருக்கும். தேங்காய்ச் சுவையுள்ள சோளப் பொரி. உறையில் ‘சமர்த்தாக இரு’ என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயர். உறை பச்சையாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெட்டியின் விளக்கு பச்சையாக எரிய வேண்டும். மஞ்சள் உறை வைத்தால் எச்சரிக்கை விளக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. சிவப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். தேதி தாண்டக் கூடாது; பிரிக்கக் கூடாது; தின்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் இதை நம்புகிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். எடுத்துவிடலாமா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆறாம் மாடிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். பெட்டிகளின் முகப்பில் ஒட்ட வேண்டிய எண் சீட்டை ஷாவ் ஆறு வருடமாக ஒட்டவில்லை. அதற்குப் பதில் பொட்டலத்தின்மேலேயே எண்ணை மையால் எழுதி வைத்திருந்தார்கள். எட்டாம் பெட்டி எது என்றால், எட்டு என்று எழுதிய பொட்டலம் எதன்மேல் இருக்கிறதோ அது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் பன்னிரண்டு இலக்கத் தொடர் எண் ஒன்று உண்டு. சியூமான் முதல் மாதமே குனிந்து, கைவிளக்கு அடித்து, எந்தப் பொட்டலத்துக்கு எந்தத் தொடர் எண் என்று பட்டியல் எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய தாள்கள் பெட்டிகளை அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடிப் பிடிக்கும்.

டிசம்பர் பதினாறு. சோதனைக்கு இரண்டு நாள் முன்பு. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு, குளிர்ச்சாதனம் இரைகிற அந்த அறையில் அடுக்குக்கு முன்னால் நின்று, பட்டியலை எத்தனையாவது தடவையோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருக்கவில்லை. கறுமொறு என்று ஒரு சத்தம் கேட்டது. யார் தின்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. வாயில் தேங்காய் வாசம். கையில் ஒன்பதாம் பொட்டலம், பாதி காலி.

ஒன்பதாம் பெட்டியின் விளக்கைப் பார்த்தாள். பச்சை. அது இன்னும் கவனிக்கவில்லை.

கீழ்க் கடைக்கு ஓடினாள். மஞ்சள்தான் இருந்தது, பச்சை தீர்ந்துவிட்டிருந்தது. திரும்ப ஏறி வந்தாள். அதே அறையில் பக்கத்து வரிசை வேறொரு நிறுவனத்துடையது. அதன் பொறுப்பாளர் துங் என்பவர், தன் பொட்டலங்களை மாதம் ஒருமுறை துணியால் துடைத்து வைப்பவர். அவர் அடுக்கின் கீழ்த் தட்டிலிருந்து எண் எழுதாத ஒரு பச்சையை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு வைத்தாள்: ‘ஒன்று எடுத்திருக்கிறேன். திருப்பித் தருகிறேன். 6ஆம் மாடி, டூ.’

ஒன்பது என்று அஹோங்கின் கையெழுத்தைப் போலவே எழுத வேண்டுமே? பழைய உறையில் இருந்த எண் அவள் கையின் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டிருந்தது; அதனால் மாதிரிக்கு எட்டாம் பொட்டலத்தையும் இறக்கித் தரையில் வைத்துக்கொண்டு, அவன் சுழிக்கிற மாதிரியே சுழித்து எழுதினாள். வெளியே காலடிச் சத்தம். அவசர அவசரமாக இரண்டையும் மேலே வைத்தாள். எட்டு ஒன்பதின்மேல், ஒன்பது எட்டின்மேல்.

அதோடு விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பட்டியல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குக் கிளம்புமுன் மனசு கேட்கவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய், பொட்டலத்தையும் தொடர் எண்ணையும் பன்னிரண்டுக்கும் ஒத்துப் பார்த்தாள். எட்டும் ஒன்பதும் பட்டியலில் மாறியிருந்தன! முதல் மாதத்தில் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டோம் போலிருக்கிறது, நல்லவேளை பார்த்தோம் என்று நினைத்தாள். பொட்டலம் பொய் சொல்லும் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்குத்தான் தோன்றும்? பட்டியலைத் திருத்தினாள். மூன்று மாதத்தில் அன்று ஒரு நாள்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பதினெட்டு, இரண்டு மணி. ஷாவ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அஹோங் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பூசணி விதை கொறித்தான்.

“அக்கா, நாலு நாளைக்கு டப்பாச் சாப்பாடு சொல்லிரவா?”

அவள் விசையைத் தட்டினாள். திரையில் வரிகள் ஓடின. ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று. ஆறு நிமிடம். எல்லாம் பச்சை. அஹோங் விதை கொறிப்பதை நிறுத்தினான்.

“இன்னொரு தடவ ஓட்டு,” என்றார் ஷாவ்.

ஓட்டினாள். மாற்றம்: பூஜ்யம். பதினொரு பூஜ்யங்கள் வரிசையாக நின்றன.

“நாலு நிமிஷம்னீங்க, ஆறு ஆச்சு,” என்றான் அஹோங். குரலில் சுருதி இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. பழைய மேசைத் தொலைபேசி. பேசும் நிரல் பதில் சொல்லத் தெரியாமல் மனிதருக்கு மாற்றிவிட்டிருந்தது. சியூமான் எடுத்தாள். பல் மருத்துவமனையின் வரவேற்புப் பெண் மறுமுனையில் கத்திக்கொண்டிருந்தாள்: “எங்க திரை வெறுமையா கெடக்கு! இல்ல இல்ல, வெறுமை இல்ல, ‘கடைக்கு நல்வரவு’ன்னு வருது! இங்க பதினேழு பேரு உக்காந்திருக்காங்க. யாரு முதல்லன்னே தெரியல. ஒருத்தர் மயக்க ஊசி போட்டு அரை மணி ஆச்சு!”

அணைத்துப் போட்டீர்களா என்று சியூமான் கேட்கவில்லை. ஷாவ் போய் அடுக்கைப் பார்த்தார். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்பது என்று எழுதியிருந்ததை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“இது புதுசு. மை வாசம் போகல. யாரு மாத்தினது?”

“நான்தான், தலைவரே.”

“பழசு எங்க?”

“தின்னுட்டேன்.”

அஹோங்கின் மடியிலிருந்த விதையெல்லாம் தரையில் கொட்டியது. “தின்னுட்டீங்களா? அக்கா, ஒம்பதோடதயா?”

அதற்குள் அவள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து தொடர் எண்ணைப் படித்துவிட்டாள். கையில் பொட்டலம் இரண்டு, கண்முன்னால் எண் இரண்டு. எல்லாம் விளங்கிவிட்டது: எட்டு என்று நினைத்து ஒன்பதைக் கடையாக்கியிருந்தாள். கிடங்கின் அட்டைப் பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன.

“அஹோங், கையால திருப்பி அமைக்க எவ்வளவு நேரமாகும்?” என்றார் ஷாவ்.

“ஒம்பதா? அது பழைய பெட்டி. யாரு அமைச்சாங்கன்னே தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் ஆகும்.”

“மயக்க ஊசி நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?”

சியூமான் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள். பட்டியலில் இரண்டு வரியை மாற்றினாள். சாமான் அறையில் யாரும் கேட்காமல் எழுதிய அந்தத் தனித்தாளைத் திறந்தாள். விரல் விசைமேல் நின்றது. மூன்று மாதமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த கால் அப்போது ஆடவில்லை. தட்டினாள்.

ஒன்பது நிமிடம். கடை மறைந்தது, மருத்துவமனை வந்தது. நோயாளிகளின் முன்பதிவுகளைப் பெட்டி மணிக்கொருமுறை வேறிடத்தில் படியெடுத்து வைக்கும். அதையும் இழுத்துப் போட்டாள். கடைசி ஒரு மணி நேரத்தில் பதிந்த மூன்று பேர் மட்டும் காணாமல் போனார்கள். அந்த மூவரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் வரவேற்புப் பெண் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு எட்டாம் பெட்டியை ஓட்டினாள். அது கடையானது. மறுபடி எல்லாவற்றையும் ஓட்டினாள். பூஜ்யம்.

மணி மூன்றாகியிருக்கவில்லை.

ஷாவ் அறிக்கை எழுத உட்கார்ந்தார். சியூமான் பக்கத்தில் நின்று படித்தாள். ‘காரணம்: ஒன்பதாம் பெட்டியின் பொட்டலம் விதிமுறைக்கு மாறாக உண்ணப்பட்டது. தீர்வு: வேறு பொட்டலம் வைக்கப்பட்டது.’

“தலைவரே, இது சரியில்ல. பட்டியல்தான் தப்பு. நான்தான் திருத்தினேன். பொட்டலம் இடம் மாறினதால...”

“பட்டியல் தப்புன்னு எழுதினா மேல என்ன கேப்பாங்க? ‘பெட்டிக்கு எண் சீட்டு ஏன் ஒட்டல’ன்னு கேப்பாங்க. ஆறு வருஷமா ஒட்டாதது யாரு?”

ஷாவ் விரலால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

“நான். பொட்டலத்தத் தின்னுட்டாங்கன்னு எழுதினா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. பாரு.”

கேட்கவில்லைதான். மேலிடம் ‘கவனமாக இருக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டது. மருத்துவமனையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: “இப்ப வச்சிருக்கிறது பச்சைதானே?”

வதந்தியின் ஊற்றுக்கண் இந்த அறிக்கை. தின்றாள், அதனால் படுத்தது என்று நிறுவனமே முத்திரை வைத்துச் சொல்லிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியவில்லை. தின்றாள், அதனால் வேறு வைத்தாள், அதனால் இடம் மாறியது, அதனால் பட்டியலைத் திருத்தினாள், அதனால் படுத்தது. பெட்டி கோபித்துக்கொண்டதா என்பதைத்தான் விசாரிக்க முடியவில்லை.

நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. கிடைத்த அன்றே பன்னிரண்டு பெட்டிகளின் முகப்பிலும் எண் சீட்டை ஒட்டினாள். ஆண்டிறுதி விருந்தில் அவள் தட்டில் மீன் வருவதற்கு முன்பே அஹோங் ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தான். “சாப்பிடுங்க அக்கா, இது யாரு பெட்டியோடதும் இல்ல,” என்றான். மேசையே சிரித்தது. மறுவாரம் அவனே சாமான் அறைக்கு வந்து, வாளியை நகர்த்திவிட்டு, “அந்த ‘இருக்கணும்’ சமாசாரம் எப்படி எழுதறது?” என்று கதவைப் பார்த்துக் கேட்டான்.

மீதி இருப்பது துங்கின் பொட்டலம்.

சோதனைக்கு மறுநாளே புதுப் பச்சை ஒன்று வாங்கிக்கொண்டு அவரிடம் போயிருந்தாள். துங் அவள் வைத்த சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். புதுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

“இது கடையில வாங்கினது.”

“ஆமா சார், இப்பதான் வாங்கினேன். பச்சை. தேதி அடுத்த ஆகஸ்ட்.”

“நீங்க எடுத்தது ஏழு மாசம் என் அடுக்குல இருந்தது. ஏழு மாசத்துல ஒரு தடவகூட ஒண்ணும் விழல. இது இன்னும் ஒரு பெட்டிகூடப் பாக்கல. ரெண்டும் ஒண்ணாம்மா?”

“அப்ப அதையே கொண்டுவந்து தந்துடட்டுமா?”

துங் பின்வாங்கினார். “எது, ஒம்பதாம் பெட்டி விழுந்தப்ப அங்க இருந்ததா? அது எனக்கு வேண்டாம்.”

“அப்ப என்னதான் தரணும், சார்?”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றார். சீட்டை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

துங்கின் அடுக்கிலிருந்து எடுத்த அந்தப் பொட்டலம் இப்போதும் ஒன்பதாம் பெட்டியின்மேல்தான் இருக்கிறது. அதை நகர்த்தக் கூடாது என்று ஷாவ் உத்தரவு போட்டிருக்கிறார். புதியது சியூமானின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. காலையில் வந்ததும் திறந்து பார்க்கிறாள், இருக்கிறது. மதியம் திறந்து பார்க்கிறாள், இருக்கிறது. நான்கு முறை பக்கத்து வரிசைக்குப் போய்க் கேட்டுவிட்டாள். துங் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பொட்டலத்துக்கு ஆகஸ்ட் வரை தேதி இருக்கிறது.